தறிக்குழியிலிருந்து பார்த்த வீடு

ஆரணியில் வீடு கட்டப் போகிறவர்கள் மனையில் நின்றபடி கையை நீட்டித்தான் பேசுவார்கள். இங்கே ஹால், அங்கே கிச்சன், அந்த மூலையில் சாமி ரூம் என்று காற்றிலேயே பாதி வீட்டைக் கட்டிவிடுவார்கள். பரிமளா அப்படிச் செய்யவில்லை. கல்லும் நெருஞ்சி முள்ளும் கிடந்த வெறும் மனையின் ஒரு மூலையில், புடவையை ஒதுக்கிக்கொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் துரைக்கண்ணு மேஸ்திரியைப் பார்த்து, "நீங்க ஒரு பதினஞ்சு அடி தள்ளிப் போய்க் கீழ படுங்க" என்றாள்.

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். வாஸ்து கேட்டு உயிரை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறார், அஸ்திவாரம் தோண்டிய பிறகு வாசலை மாற்றச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறார். படுக்கச் சொன்னவர் யாரும் இல்லை.

"படுக்கறதா? எதுக்கும்மா?"

"கீழ வுழுந்து கெடந்தா ஆள் எனக்குத் தெரியுதான்னு பாக்கணும்."

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. மேஸ்திரி தோள் துண்டை விரித்து, இஷ்டமே இல்லாமல் படுத்தார். பக்கத்து மனையில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஆள் பதறி ஓடிவந்து, மேஸ்திரிக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனான். பரிமளா இடப்பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தெரிந்தது. இன்னும் தள்ளிப் படுக்கச் சொன்னாள். அங்கேயும் தெரிந்தது.

"இதுக்கு நடுவுல எந்தச் செவுரும் வரக்கூடாதுங்க. ஒரு செங்கல்கூட வரக்கூடாது."

அந்த வீட்டுக்கு இப்படித்தான் பிளான் போட்டார்கள். இன்ஜினியர் போட்ட தாள் ஒன்று நகராட்சி, தாலுகா ஆபீஸ் என்று எங்கெங்கோ போய் முத்திரை வாங்கி வந்தது, அது வேறு. உண்மையான பிளான், தரையில் உட்கார்ந்த ஒரு பொம்பளையின் கண்ணிலிருந்து தரையில் படுத்த ஒரு ஆம்பளை வரை போன கோடுதான்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பரிமளா பட்டு நெய்கிறவள். அவளுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி, மிதியை மிதித்துக்கொண்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் கட்டை மடிக்கு நேரே குறுக்காக இருக்கும். அதில் உட்கார்ந்தவளின் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். உலகத்தை அவள் பகலெல்லாம் பார்ப்பது அந்த உயரத்திலிருந்துதான். புருஷன் சின்னதுரை செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவான். ஆக, பகல் முழுக்க வீட்டில் தறியும் அவளும் ஒரே மகள் பவித்ராவும்தான்.

மனை வாங்குவதற்கு முன் வாடகை வீட்டில் இருந்தார்கள். தறி முன்பக்கம், சமையல் பின்பக்கம், நடுவில் ஒரு சுவர். பவித்ராவுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே தோசை சுட்டுக்கொள்கிறேன் என்று பெருமையாக உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று நினைத்து, "தொரத்து அத" என்று பரிமளா தறியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். குரல் கொடுத்துவிட்டு நெய்தாள். எத்தனை நிமிஷம் நெய்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அரை விரல்கடை சேலை கூடியிருந்தது என்பது மட்டும் தெரியும். பிறகு பார்த்தபோது அந்த அரை விரல்கடை அவளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

கருகல் வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள். பிள்ளை தரையில் கிடந்தாள். கண் மேலே செருகி, வாயோரம் நுரை தள்ளி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தோசைக்கல் அவள் இடது கைமேல் கவிழ்ந்து கிடந்தது. பரிமளா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சாவிக்கொத்தோடு ஓடிவந்து, இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று அதைப் பிள்ளை கையில் திணித்தாள். வலிப்பு தனக்கு இஷ்டப்பட்டபோது நின்றது. கையில் வெந்த தோல் சாவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வேலூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரும்பு வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தானாக நிற்கும் என்றார். அடுப்புக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் மட்டும் தனியாக விடாதீர்கள், மற்றபடி பிள்ளை எல்லாப் பிள்ளையும் போலத்தான் என்றார். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். பரிமளாவின் காதில் விழுந்தது 'தனியாக விடாதீர்கள்' என்ற ஒன்றுதான். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்த பயம் இருக்கிறதே, அது சும்மா வந்து போகிற பயம் இல்லை. வயிற்றுக்குள் குடக்கூலி கொடுக்காமல் குடியேறிவிட்ட பயம். பிள்ளை கண்ணில் படாத ஒவ்வொரு நிமிஷமும் அவள் எங்கோ கிடக்கிறாள் என்றே மனம் சொல்லும். தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம் கேட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் மூன்று வருஷம் கழித்துச் சொந்தமாக மனை அமைந்தபோது, அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தறியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினால் வீடு முழுவதும் தெரிய வேண்டும்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர். சுவருக்குப் பதில் மெல்லிசாக இரண்டு தூண் நிறுத்தி, மேலே பீம் போட்டு, ஹாலும் கிச்சனும் சாப்பிடுகிற இடமும் படுக்கிற இடமும் ஒரே தரையாக ஓடும்படி கட்டிக் கொடுத்தார். பாத்ரூம் ஒன்றுக்குத்தான் சுவரும் கதவும். அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கடைசியில் கிச்சனுக்கும் ஹாலுக்கும் இடையில், தன் ஆசைக்காக, மூன்றடி உயரத்தில் ஒரு அரைச்சுவர் எழுப்பி மேலே கிரானைட் பதித்தார்.

"இப்ப இதாம்மா ஃபேஷன். ஓப்பன் கிச்சன். எல்லாம் தெரியுது பாரு."

பரிமளா நின்று பார்த்தாள். எல்லாம் தெரிந்தது. அடுப்பு தெரிந்தது, சிங்க் தெரிந்தது, தரையின் கடைசி டைல்ஸ்வரை தெரிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டாள்.

நல்ல நாள் பார்த்துத் தறியை இறக்கினார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பரிமளா முதல் தடவையாகப் புது வீட்டுக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பினாள். அரைச்சுவர் தெரிந்தது. அதற்கு மேலே, கிச்சனில் நின்ற பவித்ராவின் தலை மட்டும் தெரிந்தது.

"பவி, கீழ ஒக்காரு."

பவித்ரா உட்கார்ந்தாள். தலையும் போய்விட்டது. கிரானைட் மட்டும் பளபளவென்று இருந்தது. நிற்கிற பெண்ணைப் பார்ப்பதற்கா இத்தனை பாடு? விழுந்து கிடக்கிற பெண் அல்லவா தெரிய வேண்டும்? அடுப்படியில் இன்னொரு தடவை அதே மாதிரி கிடந்தாலும் தான் இதே மாதிரி நெய்துகொண்டுதானே இருப்போம் என்று நினைத்தவள் குழியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

அன்றைக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினாள். "ஒடச்சிடுங்க" என்றாள்.

"நின்னு பாத்து நல்லா கீதுன்னு நீதானம்மா சொன்ன?"

"நான் எங்கங்க நிக்கப் போறேன்? ஒக்காந்துகினுதான இருக்கப் போறேன்."

மேஸ்திரி அரைச்சுவரையும் தறியையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் தறிக்காரன் வூட்ல பொறந்தவன்தான். எனக்கே தோணலியே" என்று தன்னையே நொந்துகொண்டு, மறுநாள் ஆளோடு வந்து உடைத்துப் போட்டார். கிரானைட் பலகையை வாசலில் துணி துவைக்கப் போட்டார்கள்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? "இன்னா பரிமளா, வூடு கட்டச் சொன்னா கல்யாண மண்டபம் கட்டி வெச்சிக்கீற. பந்தி போட்டுறலாமா?" என்றாள் சின்னதுரையின் தங்கை சசிகலா. அதுமுதல் அந்தத் தெருவில் மண்டபத்து வீடு என்றால்தான் தெரியும். சின்னதுரைக்கும் அந்த வீட்டில் ஒதுங்க ஒரு மறைவு இல்லை. வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவன் அப்படித்தான், சொல்லவேண்டியதை எல்லாம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவன்.

ஆறு வருஷம் அப்படியே ஓடியது. குறுக்கு இழை ஓட்டும் நாடாவை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளுவாள், திரும்புவாள், பார்ப்பாள். மறுபடி தள்ளுவாள். பாத்ரூமுக்குள் பவித்ரா போனால் பேசிக்கொண்டே குளிக்க வேண்டும். பேச்சு நின்றால் அம்மா கதவைத் திறந்துவிடுவாள். பன்னிரண்டு வயதில் பவித்ரா வாய்ப்பாடு சொன்னாள், பாட்டுப் பாடினாள். பதினாறு வயதில் வாளியை டங்கு டங்கென்று தட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். உடை மாற்ற வேண்டும் என்றால் கொடியில் ஒரு புடவையைப் போட்டு அதன் பின்னால் நிற்பாள், கால் தெரியும்படி.

மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தன. இதைக் கேட்டு எந்தத் தாய்க்கும் நிம்மதிதான் வரும். பரிமளாவுக்கு மட்டும், நாள் தள்ளத் தள்ள, அப்படியானால் இன்றைக்குத்தான் என்று தோன்றும். காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதுதான்.

பவித்ரா ஆரணியிலேயே காலேஜில் சேர்ந்தாள். ஒருநாள் கூடப் படிக்கிற துர்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு பெண்களும் ஹாலின் கடைசியில் பாய் போட்டு உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். பரிமளா வழக்கம்போல நாடாவைத் தள்ளினாள், திரும்பினாள், பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் துர்கா கேட்டது அவள் காதிலேயே விழுந்தது.

"உங்கம்மா ஏன் நம்மளயே பாத்துகினு கீறாங்க?"

துர்கா டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பிவிட்டாள். பவித்ரா வாசல்வரை போய்விட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு ஒரு ரூம் வேணும்மா. கதவு வெச்சது."

"எதுக்கு?"

"சாத்திக்கறதுக்கு."

"சாத்திகினு உள்ள வுழுந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"தாப்பாவே வேணாம். கதவு மட்டும் போதும்."

"வேணாம்."

"ரெண்டு வருஷமா வரலியேம்மா."

"வரலன்னா வராதுன்னு எவன் எழுதிக் குடுத்தான்?"

பவித்ரா அழவில்லை, கத்தவும் இல்லை. "நீ என்னப் பாக்கலம்மா. நான் எப்ப வுழுவேன்னுதான் பாக்கற" என்றாள்.

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால் கோபம் வந்தது. "ஆமா. அதுக்குத்தான் இந்த வூட்டையே கட்னேன்" என்று சொல்லிவிட்டு மிதியை ஓங்கி மிதித்தாள். அன்று சாயங்காலம் சின்னதுரை அதிசயமாக வாயைத் திறந்தான். "வயசுப் பொண்ணு பரிமளா. ஒரு கதவு கேக்குது. இது ஒரு தப்பா?" என்றான்.

"நீங்க பஸ் ஏறிப் பூடறீங்க. பாக்கறவ நானு" என்றாள் அவள். அவன் எழுந்து போய்ப் பல் விளக்க ஆரம்பித்தான். அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை.

இரண்டு வாரம் தாயும் மகளும் சோறு, தண்ணீர், மாத்திரை என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. பரீட்சை நேரம் வேறு. பவித்ரா சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணி. நல்ல வெளிச்சம். பவித்ரா ஹாலின் நடுவில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். பரிமளா நாடாவைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீப்பு கையிலிருந்து நழுவியது. பவித்ராவின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கண் மேலே போனது.

நடுவில் சுவர் இல்லை, அரைச்சுவர் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. பதினைந்து அடி தூரம், அவ்வளவுதான். ஆனால் குழித்தறியிலிருந்து எழுந்திருப்பது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது மாதிரியா? மடிக்குக் குறுக்கே கட்டை. கால் இரண்டும் பள்ளத்தில். கையை ஊன்றி உடம்பைப் பின்னால் தள்ளி, ஒரு காலை எடுத்து, மறு காலை எடுக்க வேண்டும். புடவை மிதிக்கயிற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இழுத்துக்கொண்டே பார்த்தாள். பெண் விறைத்தது தெரிந்தது. மரம் சாய்கிற மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தது தெரிந்தது. நெற்றி தரையில் மோதிய சத்தமும் கேட்டது. முழுவதையும், ஒன்று விடாமல், அவள் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது.

புடவை கிழிந்துதான் வந்தது. தவழ்ந்து போய்ப் பெண்ணை ஒருக்களித்துப் போட்டாள். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. செத்துவிடுவாளோ, இதோடு நிற்காதோ, நின்றாலும் எழுந்திருக்க மாட்டாளோ என்று வாய்விட்டுப் பிதற்றிக்கொண்டு, துடிக்கிற தலைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள். அது தன்பாட்டுக்கு நின்றது.

நாலு தையல் போட்டு அழைத்துவந்தார்கள். வந்ததும் தூங்கிப்போன பவித்ரா மத்தியானம் கண் விழித்தாள். வலிப்புக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

"எங்க வுழுந்தேன்?"

"ஹால்ல."

"நீ எங்க இருந்த?"

"தறியில."

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் பரிமளா.

பவித்ரா குத்திக்காட்டக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். ஆனால் பரிமளாவால் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. தன் கண் அவள் மேலே இருக்கிறவரை பெண் விழமாட்டாள் என்று அவள் நம்பியிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை, தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் ஆறு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அது போய்விட்டது. பயம் போகவில்லை. பயத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தது எதுவோ அது போய்விட்டது. இந்தப் பெண்ணை வெளிச்சத்தில் நிறுத்தி வைத்து நாம் சாதித்தது என்ன என்று நினைத்து, சத்தம் வராமல் அழுதாள்.

தையல் பிரித்த மறுநாள் அவளே துரைக்கண்ணு மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அவர் கடப்பாரை ஆளோடு வந்து நின்றார்.

"இன்னும் எதம்மா ஒடைக்கணும்?"

"ஒடைக்க இல்லீங்க. கட்டணும். பவித்ராவுக்கு ரூம்."

பவித்ரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பரிமளா அவள் பக்கம் திரும்பாமல் மேஸ்திரியிடமே பேசினாள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே ஆள் சாய்ந்து கிடந்தாலும் வெளியிலிருந்து இழுத்தால் வந்துவிட வேண்டும். தாழ்ப்பாள் வேண்டாம். கட்டில் வேண்டாம், மெத்தை தரையிலேயே இருக்கட்டும். அலமாரிக்குக் கூர் முனை கூடாது. மேஸ்திரி எல்லாவற்றையும் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டார். பிறகு தறியைப் பார்த்தார், ரூம் வரப்போகிற இடத்தைப் பார்த்தார்.

"தறியில ஒக்காந்தா தெரியற மாதிரி கீழ ஒரு ஜன்னல் வுட்டுறட்டா? ஒரு கண்ணாடி போட்டா போச்சு."

ஆமாம் என்று சொல்லத்தான் பரிமளாவுக்கு வாய் வந்தது. பவித்ரா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றாள் பரிமளா.

பத்து நாளில் வேலை முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, பவித்ரா போனை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போனாள். "சாத்திக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். பரிமளா குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். நாடாவைத் தள்ளினாள், திரும்பினாள். வெள்ளைச் சுவர். இந்தப் பக்கம் நெய்வதா, அந்தப் பக்கம் காதைக் கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டு முறை இழை தப்பியது.

உள்ளே பவித்ரா துர்காவோடு பேசத் தொடங்கினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. திடீரென்று சிரித்தாள். மூச்சு முட்ட, தொண்டை கம்ம, நிறுத்த முடியாமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். பதினெட்டு வருஷமாகக் கண் கொட்டாமல் பார்த்து வளர்த்த பெண். இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது பரிமளாவுக்குத் தெரியாது.

பிறகு சத்தம் நின்றது. பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. பரிமளாவின் கையும் நின்றது. போனை வைத்திருப்பாள். படுத்திருப்பாள். ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள். அப்படி இல்லையென்றால், அந்தச் சுவருக்குப் பின்னால், இதோ இந்த நிமிஷம். பவி என்ற பேர் வாய்வரை வந்துவிட்டது. பரிமளா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்ப அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை.